எதை மாற்ற விடக்கூடாது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

சின்னக் கடைகளும் கைத்தொழில்களும் பாவிக்கக்கூடிய பொதுவான வியாபார மென்பொருள் ஒன்றைத் திறந்த மூலமாக, அதாவது மூலநிரலை எவரும் பார்த்து மாற்றக்கூடியதாக, இங்கேயே இருந்து செய்யப்போவதாக எங்கள் இளைஞர்கள் சிலர் சொல்லியிருந்த செய்தியை உங்கள் பத்திரிகையில் வாசித்தேன். சந்தோசமான விசயம். ஆனால் அதில் அவர்கள் பெருமையாகச் சொல்லியிருந்த ஒரு வசனம்தான் என்னை இந்தக் கடிதத்தை எழுத வைத்தது: "கடைக்காரர் எதையும் தன் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம்."

நான் யாழ். நகரிலும் கொக்குவில், திருநெல்வேலிப் பக்கங்களிலும் உள்ள கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவள். ஹாட்வெயார் கடை, நகைக்கடை, மரக்கறி மொத்த வியாபாரம், அரிசி ஆலை, அச்சகம் என்று வாரத்தில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மேசை. ஒவ்வொரு மேசையிலும் ஒவ்வொரு மென்பொருள், சில மேசைகளில் இன்னமும் கொப்பிதான். "எதையும் மாற்றலாம்" என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் வருவது பயம். எதை மாற்ற விடக்கூடாது என்று அந்தப் பிள்ளைகள் யோசித்து வைத்திருக்கிறார்களா என்று அந்தச் செய்தியில் தேடினேன். ஒரு வரியும் இல்லை.

பின்னேரம் கடை பூட்டுகிற நேரத்தில் நடப்பதைச் சொல்கிறேன். லாச்சிக் காசு கணக்கோடு பொருந்தாது. 4,500 ரூபா குறையும். முதலாளிக்கு ஞாபகம் வரும்: காலையில் ஒருவருக்குப் போட்ட சிட்டையில் விலையைக் குறைத்துத்தான் காசு வாங்கினார், சிட்டையில் அதை மாற்றவில்லை. "தங்கச்சி, உதை ஒருக்காத் திறந்து மாத்திவிடும், முடிஞ்சுது." மென்பொருளும் மறுபேச்சில்லாமல் திறந்து கொடுக்கும். காலைச் சிட்டையில் தொகை மாறும், லாச்சி சரிவரும், எல்லாரும் வீட்டுக்குப் போவோம். வாங்கினவரின் கையில் இருக்கிற கடதாசியில் மட்டும் பழைய தொகை. அவர் இரண்டு கிழமைக்குப் பிறகு தரை ஓட்டுப் பெட்டி இரண்டைத் திருப்பிக் கொண்டுவரும்போது அவர் காட்டும் சிட்டையும் திரையில் தெரியும் சிட்டையும் ஒரே இலக்கம், வேறு வேறு காசு. யார் மாற்றினார், எப்போது, ஏன் என்று ஒரு தடயமும் இராது. இதைக் களவு என்று நான் சொல்லவில்லை. களைப்பும் அவசரமும். ஆனால் களவு செய்கிறவனுக்கும் இதே கதவுதான்.

ஒருமுறை பதிந்த சிட்டையைத் திறக்கக்கூடாது. பிழை என்றால் அதை ரத்துச் செய்கிற இன்னொரு பதிவு, அதன்பின் திருத்திய புதுச் சிட்டை. மூன்றும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இந்தியாவில் உருவான ஈஆர்பிநெக்ஸ்ட் என்ற திறந்த மூல மென்பொருள் இப்படித்தான் செய்கிறது. வரைவாக இருக்கும்வரை எதையும் மாற்றலாம். சமர்ப்பித்துவிட்டால் தொகையில் கை வைக்க முடியாது. ரத்துச் செய்து, திருத்திய பிரதி எடுக்க வேண்டும். அந்தப் பிரதிக்குப் பழைய இலக்கத்தின் பின்னால் ஒரு 1 ஒட்டிக்கொள்ளும். அந்தச் சின்ன 1 எனக்கு எவ்வளவு வேலையை மிச்சப்படுத்துகிறது என்று கணக்கெழுதுகிறவர்களுக்குத்தான் தெரியும். 2023 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் கம்பனிகள் பாவிக்கும் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு மாற்றத்தையும் திகதியோடு பதிந்து வைக்க வேண்டும், அந்தப் பதிவை நிறுத்திவைக்கும் வசதி இருக்கக்கூடாது என்று சட்டமே வந்துவிட்டது. நாங்கள் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

இங்கே திறந்த மூலத்துக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. மூலநிரல் கையில் இருக்கிறதால் "அழிக்கும் பொத்தான் ஒன்று வைத்துத் தா" என்று முதலாளி கேட்பார், ஊரில் கணினி தெரிந்த ஒரு தம்பி ஒரு பின்னேரத்தில் வைத்துக் கொடுப்பார். அதனால் பூட்டைத் திரையில் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள், கணக்கெல்லாம் சேமிக்கப்படுகிற தரவுத்தளத்திலேயே போடுங்கள். பற்றும் வரவும் சமப்படாத பதிவைத் தரவுத்தளமே ஏற்க மறுக்கட்டும். பதிந்த வரியை அழிக்கும் உரிமை தரவுத்தளத்துக்குள் அந்த மென்பொருள் நுழைகிற பயனர் கணக்குக்கே இல்லாமல் இருக்கட்டும். அப்போதும் உடைக்கலாம்தான். ஆனால் தெரிந்து, திட்டம் போட்டு உடைக்க வேண்டிவரும். 2006 இல் எஸ்கியூஎல்-லெட்ஜர் என்ற திறந்த மூலக் கணக்கு மென்பொருளிலிருந்து சிலர் பிரிந்துபோய் லெட்ஜர்எஸ்எம்பி என்று தனியாகத் தொடங்கினார்கள். அந்தப் பிரிவுக்குப் பாதுகாப்புக் குறைகள் ஒரு முக்கிய காரணம். வசதிகள் போதாது என்று அல்ல, அடித்தளத்தை நம்ப முடியவில்லை என்று ஆட்கள் பிரிந்துபோகிறார்கள் என்பதைத் தம்பிமார் கவனிக்க வேண்டும்.

ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் பற்று ஒன்று, வரவு ஒன்று என்று எழுதும் இரட்டைப் பதிவு முறையை 1494 இல் வெனிசில் இத்தாலியக் கணிதர் பச்சியோலி அச்சில் ஏற்றினார். ஐந்நூறு வருசத்துக்கு மேல் ஆகியும் அந்த முறை மாறவில்லை. உங்கள் மென்பொருளிலும் அது மாறாத பகுதியாக இருக்கட்டும்.

அடுத்தது வரி. இதில் நான் பட்ட பாடு கொஞ்சம் நீளமாகவே வரும், மன்னிக்கவும். இலங்கையில் வற் என்கிற பெறுமதி சேர் வரியை 2019 டிசெம்பரில் 15 வீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்தார்கள். 2022 யூனில் 12 ஆக்கினார்கள். அதே வருசம் செப்டெம்பரில் 15. 2024 ஜனவரியில் 18. தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி 2019 டிசெம்பரோடு போனது. 2022 ஒக்ரோபரில் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி என்று 2.5 வீதத்தில் புதிதாக ஒன்று வந்து சேர்ந்தது. இவ்வளவும் ஐந்து வருசத்துக்குள். வற் பதிவுள்ள மொத்த வியாபாரி ஒருவரிடம் இருந்த மென்பொருளில் வரிவீதம் "அமைப்புகள்" என்ற பக்கத்தில் ஒரே ஒரு கட்டத்தில் இருந்தது. 2022 செப்டெம்பரில் அந்தக் கட்டத்தில் 12 ஐ அழித்து 15 என்று போட்டோம். புதுச் சிட்டைகள் சரியாக வந்தன. ஒரு வாடிக்கையாளர் யூலை மாதச் சிட்டை தொலைந்துவிட்டது, பிரதி வேண்டும் என்று கேட்டார். 1,00,000 ரூபா சாமானுக்கு அவர் யூலையில் கட்டியது 1,12,000. அச்சடித்து வந்த பிரதியில் 1,15,000. மென்பொருள் சிட்டையைச் சேமிக்கவே இல்லை; சாமானையும் விலையையும் மட்டும் வைத்துக்கொண்டு, கேட்கும்போதெல்லாம் அன்றைய வீதத்தில் திரும்பக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. போன காலாண்டு அறிக்கையைத் திரும்ப எடுத்திருந்தால் அதுவும் அப்படியே மாறியிருக்கும். அதைக் கொண்டுபோய் இறைவரித் திணைக்களத்துக்கு என்ன விளக்கம் சொல்வது?

ஆகவே வீதம் என்பது எண் மட்டும் அல்ல, எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதிவரை என்பதும் சேர்ந்ததுதான் வீதம். சிட்டை போட்ட அன்று என்ன வீதமோ அது அந்தச் சிட்டையோடு ஒட்டி நிற்க வேண்டும். கடை வற் பதிவில் இருக்கிறதா இல்லையா என்பதும் திகதியோடுதான். பதிவுக்கான வருட விற்பனை எல்லை 2024 ஜனவரியில் 80 மில்லியனிலிருந்து 60 மில்லியனுக்கு இறங்கியபோது, நேற்றுவரை பதிவு இல்லாத கடை இன்று பதிவுள்ள கடையானது. ஒரு "ஆம் / இல்லை" பெட்டி அதற்குக் காணாது. ஊழியர் சேமலாப நிதியில் தொழிலாளியின் 8, முதலாளியின் 12, நம்பிக்கை நிதியத்தின் 3 எல்லாவற்றுக்கும் இதே விதி. இன்றைக்கு மாறவில்லை என்று நிரலுக்குள் எழுதி மூடிவிடாதீர்கள்.

சதக் கணக்கைப் பற்றி ஒரு வரி: காசைத் தசம எண்ணாகவே வையுங்கள், சதத்தைக் கிட்டத்தட்டவே வைத்துக்கொள்ளும் கணினியின் மிதவைப் புள்ளி எண்ணாக வைக்காதீர்கள். க்னூகாஷ் போன்ற திறந்த மூலக் கணக்கு மென்பொருள்கள் தொகையைப் பின்னமாக, மேலெண் கீழெண் என்று பிரித்தே சேமிக்கின்றன. மாதக் கடைசியில் ஒரு சதம் இடித்துக்கொண்டு நிற்பதைத் தேடித் தேடிக் கண் பூத்துப்போன ஒருத்தியின் வேண்டுகோள் இது.

சரி, இறுக்க வேண்டியதைச் சொன்னேன். தளர்த்த வேண்டியதற்கு வருகிறேன். பிறநாட்டு மென்பொருள்களை அப்படியே எடுத்துப் பாவிக்கும்போது எங்களுக்கு இடிக்கிற இடம் பெரும்பாலும் "வாடிக்கையாளர்" என்ற ஒற்றைக் கட்டம்தான்.

ஹாட்வெயார் கடையில் ஒரு சனிக்கிழமை. கனடாவில் இருக்கும் அண்ணன் தொலைபேசியில் முதலாளியோடு கதைத்து விலை பேசுகிறார். வீடு கட்டுவது நெல்லியடியில், தங்கச்சிக்கு. சாமான் என்ன, எவ்வளவு என்று சொல்வது மேசன். லாண்ட்மாஸ்டர் என்கிற சின்ன உழவு இயந்திரப் பெட்டியில் வந்திறங்கும் சீமெந்தை எண்ணிக் கையெழுத்து வைப்பது தங்கச்சியின் மாமியார். காசு கடையின் வங்கிக் கணக்குக்கு வருகிறது. அனுப்பியவர் பெயர் என்று வங்கி காட்டுவது அண்ணனையும் அல்ல, அவருடைய கூட்டாளியை. இதற்குள் மேசனுக்குக் கடையோடு சொந்தமாக ஒரு கடன் கணக்கும் இருக்கிறது. இப்போது மென்பொருள் கேட்கிறது: வாடிக்கையாளர் யார்?

எங்கள் கடைப் பையன் மேசனின் பெயரைப் போட்டுவிடுவார், ஏனென்றால் முன்னால் நிற்பது அவர்தான். ஆறு மாதத்தில் மேசனின் பேரேட்டில் நாலு வீட்டுச் சாமான் கலந்து கிடக்கும். கனடாவிலிருந்து அண்ணன் "நான் போட்ட காசில இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கு?" என்று கேட்டால் பதில் சொல்ல ஒரு முழுநாள் வேண்டும். இது எங்கள் ஊரின் புதினம் என்று நினைக்க வேண்டாம், எங்கள் ஊரின் சாதாரணம். போருக்குப் பிறகு இங்கே எழும்பிய வீடுகளில் எத்தனையோ இப்படித்தான் எழும்பின.

இதற்கு "கனடாத் திரை" என்று ஒன்று தேவையில்லை. ஒரு சிட்டையில் ஆட்களுக்குப் பல வேடங்கள் இருக்கலாம் என்று ஏற்றுக்கொண்டால் போதும்: காசு தருபவர், சாமான் சொல்பவர், பெற்றுக்கொள்பவர், பொறுப்பு நிற்பவர். பெட்டிக்கடைக்கு நான்கும் ஒரே ஆள், அல்லது பெயரே தேவையில்லை. ஹாட்வெயாருக்கு நான்கும் வேறு. எந்த வேடத்தின் பெயரில் கடன் ஏறும் என்பதைக் கடை தீர்மானிக்கட்டும். அதோடு "வேலை" அல்லது "வீடு" என்று ஒரு தலைப்பு, அதன்கீழ் வந்த காசும் போன சாமானும். அண்ணனின் கேள்விக்கு அரை நிமிடத்தில் பதில் வரும்.

பெயர்க் கட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டாகப் பிரித்து இரண்டையும் கட்டாயமாக்கி வைத்திருப்பார்கள். எங்களுக்குக் குடும்பப்பெயர் கிடையாது, தகப்பன் பெயரின் முதலெழுத்துத்தான். பையன்கள் இரண்டாவது கட்டத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டு நகர்வார்கள். ஒரு கடையின் பட்டியலில் பாதி ஆட்களின் குடும்பப்பெயர் புள்ளிதான். பெயர் ஒரே கட்டமாக இருக்கட்டும், எழுதுகிறபடி எழுதட்டும். ஆனால் தேடும்போது புத்தியாகத் தேடட்டும். ஸ்ரீ என்று தொடங்கும் பெயர்கள் இங்கே எத்தனை! கணினியில் எழுத்துகளுக்கு இலக்கம் கொடுக்கும் யூனிகோட் முறையின் 4.1 பதிப்பில் 2005 இல் ஶ என்ற எழுத்துக்குத் தனியிடம் கிடைத்த பிறகு, அந்த ஸ்ரீ ஐ இரண்டு விதமாக அடிக்கலாம் என்று ஆகிவிட்டது. திரையில் பெரும்பாலும் இரண்டும் ஒரே வடிவம், கணினிக்கு இரண்டும் வேறு. ஒருவரின் கைத்தொலைபேசியில் அடித்த பெயரும் கடைக் கணினியில் அடித்த பெயரும் பொருந்தாமல் ஒரே மனிதருக்கு இரண்டு பேரேடு, இரண்டிலும் பாதிப் பாதிக் கடன். யூனிகோட்டின் வழமையான ஒழுங்குபடுத்தலும் இதைச் சேர்த்து வைக்காது, நீங்கள்தான் எழுத வேண்டும். யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்துக் கிடக்கும் பழைய பட்டியல்களை உள்ளே எடுக்கும் வழியும் முதல் பதிப்பிலேயே வேண்டும். இங்கே அது இல்லாமல் ஒரு கடையும் மாறி வராது.

அளவு விசயத்தில் ஒரு யோசனை. 12 மில்லிமீற்றர் கம்பி மீற்றருக்கு 0.888 கிலோ என்பது புத்தகக் கணக்கு. வந்திறங்கும் கம்பி ஒவ்வொரு தொகுதிக்கும் கொஞ்சம் கூடக் குறைய நிற்கும். நிறைக்கு வாங்கித் துண்டுக்கு விற்கிற கடைக்கு, ஒரு நிலையான பெருக்கல் எண்ணை மட்டும் நம்பும் மென்பொருள் மாதாமாதம் இல்லாத நட்டத்தைக் காட்டும். நகைக்கடைகள் உள்ள கஸ்தூரியார் வீதிக்குப் போனால் சங்கிலி ஒன்று, ஆனால் அதன் நிறை கிராமில், பேச்சு பவுணில், பவுணுக்கு 8 கிராம். துண்டும் வேண்டும், நிறையும் வேண்டும். சுன்னாகம் சந்தைப் பக்கம் வந்தால் கத்தரிக்காய் பெட்டியில் வருகிறது, தராசில் ஏறுகிறது, அதில் "கழிவு" என்று ஒரு பங்கைக் கழித்துவிட்டு மிச்சத்துக்குத்தான் தோட்டக்காரருக்குக் காசு. மூன்று வியாபாரத்துக்கும் மூன்று மென்பொருள் விற்கிறார்கள். உண்மையில் மூன்றிலும் கேட்கப்படுவது ஒன்றுதான்: ஒரே வரியில் இரண்டு அளவு, ஒன்றிலிருந்து மற்றது கணக்காக வராது, இரண்டையும் ஆள்தான் எழுதுவார். இதை ஒருமுறை அடித்தளத்தில் சரியாகச் செய்தால் கம்பிக்காரரும் நகைக்காரரும் மரக்கறிக்காரரும் தங்கள் தங்கள் பெயரை அந்தக் கட்டங்களுக்கு வைத்துக்கொள்வார்கள். "பொதுவான மென்பொருள்" என்று நான் விளங்கிக்கொள்வது இதைத்தான். எல்லாக் கடைக்கும் ஒவ்வொரு திரை கட்டி ஒரே பெட்டிக்குள் அடைப்பதை அல்ல.

கழிவைப் பற்றி இன்னொன்று. அது நியாயமா இல்லையா என்பது வேறு கடிதத்துக்குரிய சண்டை. ஆனால் தராசு காட்டிய நிறையும் கழித்த நிறையும் தோட்டக்காரரின் சீட்டில் வேறு வேறாக அச்சாக வேண்டும். கழித்தபின் வரும் நிறையை மட்டும் அச்சடிக்கும்படி மாற்றித் தா என்று வியாபாரி கேட்டால், இதுவும் மாற்ற முடியாத பட்டியலில் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

இனி, மாற்றங்களை எப்படி வைப்பது என்பது. ஒரு அச்சகத்துக்குத் தாளின் கனம், நிறம் என்று கூடுதல் கட்டங்கள் வேண்டியிருந்தன. திறந்த மூல மென்பொருள் ஒன்றை இறக்கி, அதன் நிரலுக்குள்ளேயே கை வைத்து ஒரு தம்பி அழகாகச் செய்து கொடுத்தார். பிறகு அவர் வெளிநாடு போய்விட்டார்; குற்றம் சொல்லவில்லை, இங்கே பிள்ளைகள் போவார்கள். அதன்பின் அந்த அச்சகம் புதுப் பதிப்புக்கு மாறவே முடியவில்லை. மாறினால் அவர் செய்ததெல்லாம் போய்விடும். எங்கெங்கே கை வைத்தார் என்று எழுதிய கடதாசியும் இல்லை. பாதுகாப்புத் திருத்தம் வந்தாலும் பார்த்துக்கொண்டு இருப்பதுதான்.

இதற்கு வழி எப்போதோ கண்டுபிடித்தாயிற்று. கொம்பியர் என்ற பழைய மென்பொருளில் திரைகளும் கட்டங்களும் நிரலில் இல்லாமல் ஒரு "அகராதி"யாகத் தரவுத்தளத்திலேயே இருந்தன. 2006 இல் அதிலிருந்து பிரிந்த அடெம்பியரேயும் அதையே கொண்டுபோனது. ஈஆர்பிநெக்ஸ்டின் அடியில் உள்ள ஃபிராப்பே என்ற கட்டமைப்பிலும் கடை சேர்க்கும் கட்டங்கள் மூலக் கட்டங்களிலிருந்து வேறாக நிற்கும், புதுப்பித்தாலும் அழியாது. தம்பிமார் இதைக் கட்டாயம் பின்பற்ற வேண்டும். நான் இன்னும் ஒன்று கேட்பேன்: ஒவ்வொரு மாற்றத்தோடும் யார், எப்போது, எதற்காக என்று ஒரு வரி எழுதாமல் அதைச் சேமிக்க விடாதீர்கள். ஒரு கடையின் மாற்றங்கள் முழுவதையும் ஒரே கோப்பாக எடுத்து, அதே வியாபாரம் செய்யும் இன்னொரு கடையில் போட முடிய வேண்டும். சாவகச்சேரியில் ஒரு அரிசி ஆலைக்குச் செய்ததைக் கிளிநொச்சி ஆலை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அந்தத் தம்பி ரொறன்ரோவில் இருந்தாலும் அவர் செய்தது இங்கே இருக்கும்.

திறந்த மூலம் என்ற பலகை மாட்டினால் எல்லாம் தீர்ந்தது என்றும் எண்ண வேண்டாம். பெல்ஜியத்தில் 2005 இல் டைனிஈஆர்பி என்று தொடங்கி, 2014 இல் ஓடூ என்று பெயர் மாற்றிய மென்பொருளை உலகம் முழுவதும் பாவிக்கிறார்கள். 2015 இல் வந்த ஒன்பதாம் பதிப்பில் அதைப் பொதுப் பதிப்பு, கட்டணப் பதிப்பு என்று பிரித்தபோது முழுக் கணக்கியல் பகுதி கட்டணப் பக்கம் போய்விட்டது. அவர்களுக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும், அது அவர்கள் பாடு. ஆனால் எங்கள் பிள்ளைகள் எதை விற்கப் போகிறார்கள் என்பதை இப்போதே சொல்லிவிட வேண்டும். பயிற்சியை விற்கலாம், பழைய கணக்கை மாற்றித் தருவதை விற்கலாம், கூப்பிட்டவுடன் வந்து பார்ப்பதை விற்கலாம். கடைக்காரர் அதற்குக் காசு தருவார், நான் வாங்கித் தருகிறேன். பேரேட்டைப் பூட்டிவைத்து விற்கக்கூடாது.

தரவு வெளியே வரும் வழியும் அப்படித்தான். ஒரு பொத்தான், முழுக் கணக்கும், வேறு மென்பொருள் திறக்கக்கூடிய வடிவத்தில். ஒரு பழைய மூடிய மென்பொருளை விட்டு வெளியே வருவதற்காக, கணக்காய்வுக்கு வேண்டிய மூன்று வருடப் பேரேட்டை அச்சடித்து எடுத்துத் திரும்பவும் கையால் தட்டச்சு செய்த கடைகளை எனக்குத் தெரியும்.

மின்சாரம், இணையம் பற்றி நீளமாக எழுதத் தேவையில்லை. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். மென்பொருள் கடைக்குள்ளேயே ஒரு சின்னக் கணினியில் ஓட வேண்டும், இணையம் வரும்போது பிரதி அனுப்பட்டும். பாதியில் மின்சாரம் போனால் சிட்டை முழுதாக இருக்க வேண்டும் அல்லது இல்லாமலே இருக்க வேண்டும். சாமான் இருப்பிலிருந்து குறைந்து, காசு வராத அரைச் சிட்டை மட்டும் வேண்டாம்.

வசதிகளின் பட்டியலையும் அந்தச் செய்தியில் பார்த்தேன். வண்ண வரைபடங்கள், கைத்தொலைபேசிச் செயலி, செயற்கை நுண்ணறிவு விற்பனை எதிர்வுகூறல். தம்பிமாரே, ஹாட்வெயார் முதலாளிக்கு வைகாசியில் சீமெந்து கூட ஓடும் என்பதை எந்த இயந்திரமும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவருக்குத் தெரியாதது யார் யார் எவ்வளவு கடன், எத்தனை நாளாகக் கடன் என்பதுதான். சிட்டை, வந்த காசு, கடன் பட்டியல் ஆகிய மூன்று திரையும் நிறுவிய அன்றே, ஒரு அமைப்பையும் தொடாமல், தமிழில் ஓட வேண்டும். மற்றெல்லாம் மறைந்து கிடக்கட்டும், தேவைப்படுகிறவர் திறந்து எடுப்பார். இருநூறு கட்டங்களைக் காட்டி "வேண்டாததை மூடிக்கொள்ளுங்கள்" என்று சொல்வது கடைக்காரர் தலையில் உங்கள் வேலையை ஏற்றுவது.

ஒரு கோரிக்கையோடு நிறுத்துகிறேன். நிரல் எழுதத் தொடங்குமுன் "இவை மாறா" என்று ஒரு பக்கத்தை எழுதி உங்கள் பத்திரிகையில் வெளியிடச் சொல்லுங்கள். கணக்கெழுதுபவர்கள், கூட்டுறவுச் சங்கக் கணக்காய்வாளர்கள், யாழ். பல்கலைக்கழகத்தின் கணினித் துறையிலும் முகாமைத்துவத் துறையிலும் இருப்பவர்கள் அதைப் பார்த்து அடித்துத் திருத்தட்டும். பிறகு பரீட்சைக்கு என்னிடம் வரலாம். நான் கணக்கு எழுதும் ஹாட்வெயார் கடை முதலாளியிடம் கேட்டுவிட்டேன். ஆட்களின் பெயர்களை மறைத்து ஒரு மாதச் சிட்டைகளைத் தரச் சம்மதித்திருக்கிறார். திருப்பிக் கொண்டுவந்த ஓட்டுப் பெட்டிகள், மேசன்மாரின் கடன், வெளிநாட்டிலிருந்து வேறு பெயரில் வந்த காசு எல்லாம் அதற்குள் இருக்கின்றன. என் முகவரி ஆசிரியபீடத்திடம் இருக்கிறது. சனிக்கிழமை மட்டும் வேண்டாம், அன்று கடையில் சனம்.

இங்ஙனம்,
கடைகளுக்குக் கணக்கெழுதும் ஒருத்தி,
கொக்குவில்.